சேதி யார் சொன்னது?

"பாண்டியன் செத்திருக்க வேண்டாம்." ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'யைப் படித்து முடித்த பத்துப் பேர் ஓரிடத்தில் உட்கார்ந்தால், முதல் கால் மணி நேரத்துக்குள் யாராவது ஒருவர் இதைச் சொல்லிவிடுவார். உடனே எதிரில் இருப்பவர், "செத்தால்தான் அது நாவல். பிழைத்து வந்து ஊரில் கடை வைத்திருந்தால் யார் படிப்பார்கள்?" என்பார். காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல் பக்கம் வீடுகளில் கூடி நடக்கும் வாசிப்புக் கூட்டங்களில் இந்த இரண்டு குரலும் தவறாமல் ஒலிக்கும். இரண்டு பக்கமும் நல்ல நியாயங்கள் உண்டு. பேசி முடித்ததும் காபி வரும், கலைந்து போவார்கள். அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது, ஒரு கூட்டத்தில் பின்வரிசையில் இருந்த ஒரு ஆச்சி இந்த இரண்டிலும் சேராத ஒன்றைக் கேட்கும்வரை. அவர் கேட்ட கேள்விக்குப் பிறகு பழைய வழக்கு பழையபடி நிற்கவில்லை. அந்தக் கேள்விக்குப் போகுமுன், இந்த நாவலை நம் பக்கத்தில் எப்படிப் படிக்கிறார்கள், எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்பதைச் சொல்லியாக வேண்டும். ஒரு புத்தகத்தின் மேல் வரும் கோபத்தில் பாதி, அதைப் படித்த விதத்தின் மேல் வர வேண்டிய கோபம்.

சிங்காரம் வேற்றூர்க்காரர் இல்லை, சிங்கம்புணரிக்காரர். பதினெட்டு வயதில் கப்பலேறி சுமத்ராவின் மெடான் நகருக்கு வேலைக்குப் போனவர். போரை அங்கேயே பார்த்துவிட்டுத் திரும்பியவர். எழுதியது இரண்டே நாவல். 1962-ல் எழுதிய 'தோணி' அச்சேற 1972 ஆயிற்று. வெளிவந்த காலத்தில் பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. இன்று தமிழின் மிகச் சிறந்த நாவல்களின் எந்தப் பட்டியலை எடுத்தாலும் அதில் இருக்கிறது. இந்தப் புகழே வாசகருக்கு ஒரு இடைஞ்சல். அதற்குப் பின்னால் வருகிறேன்.

எங்கே நின்றுவிடுகிறார்கள்

பிடிக்கவில்லை என்று சொல்கிறவர்களை நிதானமாக விசாரித்தால், முடிவு பிடிக்காதவர்களை விட, தொடக்கத்திலேயே நின்றுபோனவர்கள்தான் அதிகம் தென்படுவார்கள். காரணம் தெளிவானது. முதல் பக்கத்திலேயே ஜப்பான் படை மெடானுக்குள் நுழைகிறது. தெருப் பெயர்கள் டச்சு மொழியில். பேசுகிறவர்கள் இன்னார் என்று சொல்லாமல் பேசிக்கொண்டே போகிறார்கள். கடைத்தெருவில் நான்கு பேர் நின்று பேசுவதை, அவர்களைத் தெரியாத ஒருவர் ஓரமாக நின்று கேட்பது போல. போதாததற்கு, மெடான் தெருவில் நடந்துகொண்டிருந்த பாண்டியனின் நினைப்பு, முன்னறிவிப்பு எதுவும் இல்லாமல் அவன் ஊரான சின்னமங்கலத்துச் சந்தைக்குள் போய்விடும். புதிதாகப் படிக்கிறவர் பக்கம் விட்டுப்போயிற்றோ என்று திருப்பிப் பார்ப்பார்.

இதற்கு அரைத்தாள் ஒன்று போதும். தாளின் இடது பக்கம் சுமத்ரா, அதில் மெடான், அதன் துறைமுகம் பெலாவான். நடுவில் மலாக்கா நீரிணை. வலது மேலே பினாங்கு, கீழே சிங்கப்பூர், வடக்கே தள்ளி பாங்காக். பெலாவானிலிருந்து பினாங்குக்கு நேர்கோட்டில் ஏறக்குறைய 250 கிலோமீட்டர். வரைபடம் அழகாக இருக்கத் தேவையில்லை. தொங்கான் என்ற மரக்கலத்தில் ஏறிய ஆட்கள் எந்தக் கரையிலிருந்து எந்தக் கரைக்குப் போகிறார்கள் என்பது கண்ணில் இருந்தால் போதும். அதே தாளின் பின்பக்கம் தேதிகள்: 1941 டிசம்பரில் பினாங்கு ஜப்பானியர் கையில், 1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் வீழ்ச்சி, மார்ச்சில் மெடான், 1943 ஜூலையில் சிங்கப்பூருக்கு சுபாஷ் சந்திர போஸ் வருகை, 1945 ஆகஸ்ட் 15-ல் ஜப்பான் சரண்.

இத்தனை தேதியிலும் விட்டுவிடக் கூடாத ஒன்று உண்டு. 1945 ஆகஸ்ட் 17. ஜப்பான் சரணடைந்த இரண்டாம் நாள் இந்தோனேசியா தன்னைச் சுதந்திர நாடாக அறிவித்துக்கொண்டது. டச்சுக்காரர்கள் அதை ஒப்புக்கொள்ள 1949 டிசம்பர் ஆயிற்று. இடையில் 1945 அக்டோபரில் மெடானில் இறங்கியது பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தின் 26-வது டிவிஷன். அதாவது இந்தியச் சிப்பாய்கள், வெள்ளைக்காரன் கொடியின் கீழ். இந்த நான்கு வருட வரலாறு தெரியாமல் நாவலின் கடைசிப் பகுதிக்குள் நுழைகிறவருக்கு, "போர்தான் முடிந்துவிட்டதே, இவன் ஏன் சும்மா இருக்காமல் இன்னொரு சண்டையில் தலையைக் கொடுக்கிறான்" என்றுதான் தோன்றும். கடைசிப் பகுதி தேவையில்லாத நீட்டல் என்ற குற்றச்சாட்டு பெரும்பாலும் இந்த இடத்தில் பிறக்கிறது.

சொற்கள் இன்னொரு தடை. ஆனால் நம் பக்கத்துக் கூட்டங்களில் அதுவே ஒரு விருந்தாகிவிடுவதைப் பார்க்கலாம். மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன், கிட்டங்கி என்றால் எழுபது வயதுக்காரர்களுக்கு அகராதி வேண்டாம். மேலாள் கடையை நடத்துகிறவர், அடுத்தாள் அவருக்குக் கீழ், பெட்டியடிப் பையன் பணப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கணக்குப் படிக்கிற சிறுவன். கிட்டங்கி என்பது ஒரே நீளக் கூடத்தில் பல விலாசங்களும், அதாவது தொழில் நிறுவனங்களும், ஆளுக்கொரு பெட்டி, ஆளுக்கொரு சாய்மேசை போட்டுத் தொழில் செய்த இடம். இளையவர்களுக்கு இது எதுவும் தெரியாது. ஆனால் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வேலை பார்த்துவிட்டு வந்த பையன்களுக்கு தவுக்கே என்றால் சீன முதலாளி என்று தெரியும். தொங்கான் எந்த மாதிரி மரக்கலம் என்று கையால் வரைந்து காட்டுவார்கள். அறையின் ஒரு பாதி மற்றப் பாதிக்குப் பொருள் சொல்லும். தனியாகப் படித்துப் பாதியில் வைத்தவர், கூட்டத்தில் படித்தபோது முடித்துவிட்டார் என்றால் காரணம் இதுதான்.

வாரத்துக்கு எவ்வளவு என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில்தான் பல கூட்டங்கள் கவிழ்கின்றன. நாற்பது பக்க அளவு சரியாக இருக்கும். அதற்கு மேல் வைத்தால் வேகமாகப் படிக்கிறவர்கள் முன்னால் ஓடிப்போய் முடிவைப் போட்டு உடைப்பார்கள். இருபதாகக் குறைத்தால் ஆட்களின் பெயர் மறந்து, ஒவ்வொரு வாரமும் முதலிலிருந்து தொடங்க வேண்டிவரும். ஆனால் பக்க எண்ணைச் சொல்லிப் பிரிக்காதீர்கள். ஒருவர் கையில் பழைய பதிப்பு இருக்கும், இன்னொருவர் கையில் சிங்காரத்தின் இரண்டு நாவலும் சேர்ந்த பதிப்பு இருக்கும், மூன்றாமவர் போனில் படிப்பார். அத்தியாயத் தலைப்பைச் சொல்லிப் பிரிப்பதே வழி.

கடல் புயல் வரும் பகுதியை மட்டும் வீட்டில் படித்துவிட்டு வரச் சொல்லக் கூடாது. கூட்டத்தில் வாய்விட்டுப் படிக்க வேண்டும். கண்ணால் படிக்கிறவர், துண்டு துண்டான அந்தச் சொற்களை ஓட்டமாகத் தாண்டிவிடுவார். வாயால் படிக்கும்போது தாண்ட முடியாது. மூச்சு வாங்கும். ஒரே ஆள் கடைசிவரை படித்தால் குரல் சமநிலைக்கு வந்து புயல் அடங்கிவிடும் என்பதால், ஒரு பக்கத்துக்கு ஒருவர் என்று மாற்றிக்கொள்வது நல்லது. மின்விசிறியை நிறுத்திவிடுவது அதைவிட நல்லது.

பட்டிமண்டபம் வேண்டாம்

இது காரைக்குடி. கம்பன் கழகம் 1939-ல் சா. கணேசன் தொடங்கிய நாளிலிருந்து, காப்பியச் சாவுகளைப் பற்றி வழக்காடிப் பழகிய ஊர். வாலியை ராமன் மறைந்து நின்று கொன்றது சரியா என்று பங்குனி தோறும் கேட்டு வளர்ந்த காதுகள் இங்கே உண்டு. அந்த வழக்காடலின் சுவையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். பாட்டைப் பிரித்து, சொல்லைத் தோண்டி, ஒரு 'ஓ'காரத்தில் பொருள் காண்பதை இந்த ஊர்க்காரர்கள் அங்கேதான் கற்றுக்கொண்டார்கள்.

ஆனால் நாவலை அந்தத் தராசில் வைத்தால் கெட்டுப்போகிறது. பட்டிமண்டபத்துக்கு இரண்டு அணி வேண்டும், நடுவர் வேண்டும், தீர்ப்பு வேண்டும். 'பாண்டியன் சாவு தேவையே' என்று ஓர் அணி, 'தேவையில்லையே' என்று ஓர் அணி. பேசப் பேச ஒவ்வொருவரும் தாம் முதலில் நினைத்ததை விட்டுவிட்டு, தம் அணிக்கு வாய்ப்பானதைப் பேசத் தொடங்கிவிடுவார்கள். "எனக்கு அழுகை வரவில்லை, ஆனால் இரண்டு நாள் தூக்கம் வரவில்லை" என்று நினைத்துக்கொண்டு வந்த ஒருவருக்கு எந்த அணியிலும் இடம் கிடையாது. அவர் கை தட்டிவிட்டுப் போய்விடுவார். நாவலைப் பற்றிச் சொல்லப்பட்டிருக்க வேண்டிய மிக நல்ல வாக்கியம் அவரோடு போய்விடும்.

இன்னொரு கேடு, மேலே சொன்ன புகழ். பின்னட்டையில் 'தலைசிறந்த' என்று அச்சடித்திருக்கும் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்காரும்போது, பிடிக்காதவர் வாயைத் திறக்கத் தயங்குகிறார். வயதில் மூத்தவரோ, கல்லூரியில் தமிழ் சொல்லிக் கொடுத்தவரோ முதலில் பேசிவிட்டால் அன்றைய கூட்டத்தின் கதை அதோடு முடிந்தது. அவர் "மகத்தான படைப்பு" என்று தொடங்கினால் கடைசி ஆள்வரை அதையே வேறு சொல்லில் சொல்லுவார்கள்.

இதற்குச் சீட்டு முறைதான் மருந்து. பேச்சைத் தொடங்குமுன் ஆளுக்கொரு துண்டுச்சீட்டும் பென்சிலும் கொடுக்க வேண்டும். பெயர் எழுதக் கூடாது. ஒரே ஒரு வரி: படித்து முடித்ததும் மனதில் முதலில் வந்தது எது? இரண்டு நிமிடத்துக்கு மேல் கொடுத்தால் அழகாக எழுதத் தொடங்கிவிடுவார்கள், அதனால் இரண்டே நிமிடம். சீட்டுகளை ஒரு தட்டில் போட்டுக் குலுக்கி, கூட்டத்தில் வயதில் இளையவரை விட்டுப் படிக்கச் சொல்ல வேண்டும். புகழ்ச்சியும் ஏச்சும் குழப்பமும் ஒரே குரலில் வரும்போது யாருக்கும் வெட்கம் இருக்காது. எந்தச் சீட்டைப் பற்றிப் பேசலாம் என்பதைப் பிறகு கூட்டம் முடிவு செய்யட்டும்.

அப்படி ஒரு கூட்டத்தில் படிக்கப்பட்ட சீட்டுகளில் பெரும்பாலானவை எதிர்பார்த்தவைதான். 'ஹீரோவை இப்படி சாகடிச்சது அநியாயம்.' 'எல்லா வித்தையும் தெரிஞ்ச ஆள், சினிமாக்காரன் மாதிரி.' 'தமிழ்ப் பெருமையை இப்படிக் கிண்டல் செய்யலாமா?' 'பெண்களே இல்லாத உலகம்.' 'கடல் சத்தம் இன்னும் காதில் இருக்கு.' கடைசியாக வந்த சீட்டில் கோணலான எழுத்தில் மூன்று சொல்: 'சேதி யார் சொன்னது?'

படித்த பையனுக்குப் புரியவில்லை. "எந்தச் சேதி?" என்றான். பெயர் எழுதாத சீட்டு என்பதால் யாரும் கேட்கவில்லை. ஆனால் அந்த ஆச்சியே சொன்னார். "நான்தான் தம்பி எழுதுனேன். அவன் செத்துப்போனான், சரி. அந்தச் சேதியை ஊருக்கு யார் சொன்னது?"

மூன்று வருஷக் கணக்கு

இந்தக் கேள்வியின் கனம் தெரிய வேண்டுமானால், கொண்டுவிக்கப் போவது, அதாவது கடல் கடந்து தொழிலுக்குப் போவது, என்ற சொல் இங்கே என்னவாக இருந்தது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். கடைக்கு ஆளெடுத்தால் மூன்று வருஷக் கணக்கு. புறப்படுமுன் சம்பளத்தில் ஒரு பகுதி வீட்டுக்குக் கொடுக்கப்பட்டுவிடும். மூன்று வருஷம் முடிந்ததும் ஐந்தொகை என்ற வரவு செலவுக் கணக்கைப் போட்டு, வரவும் பாக்கியும் அடுத்து வருகிறவர் கையில் ஒப்படைத்து, கப்பலேறி ஊர் வந்து, கொஞ்ச நாள் இருந்துவிட்டு மறுபடி போவார்கள். நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பலில் ஏறினால் பினாங்கில் இறங்கலாம். தபால் போக வர ஒரு ஒழுங்கு இருந்தது. கடிதத்தின் தலையில் பிள்ளையார் சுழி, சிவமயம், பிறகு விலாசம், பிறகு க்ஷேமம். முகப்புத் திண்ணையில் கணக்குப்பிள்ளை அதைப் படிக்க, வளவுக்குள் பெண்கள் கேட்டுக்கொண்டிருப்பார்கள். எங்கோ கடலுக்கு அப்பால் இருக்கிற ஒருவரைச் சுற்றி ஒரு வீடே தன் நல்ல நாளையும் கெட்ட நாளையும் அமைத்துக்கொண்டிருந்தது.

1941 டிசம்பரில் இந்த ஒழுங்கு அறுந்தது. கப்பல் இல்லை, தபால் இல்லை, பணம் இல்லை. மூன்றரை வருஷத்துக்கு மேல், அதாவது ஒரு முழுக் கணக்குக்கு மேல், போனவர் இருக்கிறாரா இல்லையா என்று தெரியாத வீடுகள் இந்த வட்டாரம் முழுக்க இருந்தன. சிங்காரத்தின் நாவல் தொடங்குகிற இடமே அந்த அறுந்த இடம். மெடானுக்குள் ஜப்பான்காரன் வருகிற நாள். பாண்டியனின் சாவைக் கடைசிப் பக்கத்தில் வைத்துப் பேசிக்கொண்டிருந்தவர்களுக்கு, அவன் ஊரைப் பொறுத்தவரை முதல் பக்கத்திலேயே தொலைந்துபோனான் என்பது அன்றுவரை தோன்றவில்லை.

இன்னொன்றும் உண்டு. வெளிப்படையாக யாரும் பேசாதது. கொண்டுவிக்கப் போனவர்கள் எல்லாரும் முதலாளிகள் இல்லை. விலாசத்துக்குச் சொந்தமான நகரத்தார் குடும்பங்களின் பிள்ளைகள் போனார்கள். அவர்களோடு சுற்றுவட்டத்து ஊர்களிலிருந்து வேறு சாதிப் பையன்களும் கணக்கெழுத, பெட்டியடியில் உட்கார, சமைக்கப் போனார்கள். பர்மாவைப் பற்றிப் பேசும்போது நம் பக்கத்தில் சொத்துக் கணக்கு உடனே வந்துவிடும். கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-ல் 6 சதவீத நிலம் செட்டியார்கள் கையில் இருந்தது, 1938-ல் 25 சதவீதம் ஆனது, சுதந்திரத்துக்குப் பிறகு எல்லாம் போனது. பர்மாவில் இழந்த குடும்பத்திலிருந்து வந்து 'தோணி'யைப் படிக்கிறவர் அந்த இழப்பை இதில் தேடிவிட்டு ஏமாறுவதுண்டு. சிங்காரம் முதலாளியின் பக்கத்திலிருந்து எழுதவில்லை. வேலையாள் இழப்பது நிலத்தை இல்லை. அவனிடம் இருந்ததே அவன் ஒருவன்தான்.

அந்த ஆச்சி பெரிய வீட்டிலிருந்து வந்தவர் இல்லை. "எங்க ஐயா பினாங்குக்குச் சமைக்கப் போனாக," என்றார். "சண்டை வந்துச்சு, கடுதாசி நின்னுச்சு. சண்டை முடிஞ்சு, அங்கேருந்து திரும்புன ஒருத்தரு எங்க வீட்டுக்கு வந்தாக. திண்ணையில உக்காந்து சொம்புத் தண்ணியை வாங்கிக் குடிச்சாக. ரொம்ப நேரம் வாயே திறக்கலையாம். எங்க அப்பத்தா நிலைக்கு உள்பக்கம் நின்னுக்கிட்டிருந்தாக. அவர் சொம்பைக் கீழ வைக்கிறதைப் பாத்ததுமே தெரிஞ்சுபோச்சாம். எந்த மாசம்னு கேட்டா அவருக்குத் தெரியலை. மழைக்காலம்னு மட்டும் சொன்னாக. அங்க எல்லாம் மழைக்காலந்தானே. திதி தெரியாததால ஆடி அமாவாசைக்குத்தான் கொடுத்துக்கிட்டு வந்தோம்."

முதலாளி வீடு என்றால் விலாசத்துக்குத் தந்தி வரும், இல்லையென்றால் கடிதம் வரும். படித்ததும் கிழித்துப்போடுகிற கடிதம். வேலையாள் வீட்டுக்கு ஒரு சொம்புத் தண்ணீரோடு வருகிறது சேதி, வருஷம் கழித்து.

அது புத்தகத்தில் இல்லையே

அந்தக் கூட்டத்தில் இருந்த இளைஞர் ஒருவர் மறுத்ததையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நன்றாகப் படிக்கிறவர். "ஆச்சி, நீங்க சொன்னது உங்க ஐயா கதை. கேட்கவே கஷ்டமா இருக்கு. ஆனா அது இந்த நாவல்ல இல்லை. நம்ம வீட்டுச் சாவைக் கொண்டுபோய்ப் புத்தகத்துல வச்சு அழுதுட்டு, புத்தகம் நல்லா இருக்குன்னு சொல்லலாமா?" என்றார். மேலும் சொன்னார்: பாண்டியன் மூன்று வருஷக் கணக்கில் மாட்டிக்கொண்ட அப்பாவி இல்லை, தானே விரும்பி போஸின் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தவன், தானே விரும்பி அடுத்தவர் நாட்டு விடுதலைப் போரில் நின்றவன், அவனை ஊருக்காக ஏங்கிச் செத்தவனாக ஆக்குவது அவனைச் சிறியவனாக்குவது.

இது லேசாகத் தள்ளிவிடக் கூடிய மறுப்பு இல்லை. துயர நாவல்களைப் பற்றிய கருத்து வேறுபாட்டில் பாதிக்கு மேல் இந்த இடத்தில்தான் கிடக்கிறது. தன் துயரத்தோடு வந்தவர் நாவலைத் தன் துயரமாகப் படிக்கிறார். துயரமில்லாமல் வந்தவருக்கு ஆசிரியர் எழுதியது மட்டுமே கையில் இருக்கிறது, அதில் குறை இருந்தால் அவர் கண்ணுக்குத்தான் முதலில் படும். ஆகவே இளைஞர் சொன்ன குறைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பதே நேர்மை. பாண்டியன் அளவுக்கு மீறிய திறமைசாலி என்பது உண்மை. மொழி, ஆயுதம், பேச்சு, துணிச்சல் எதிலும் அவனுக்குக் குறை இல்லை. இப்படி ஒருவனைத் தப்பிக்க வைத்துத் தப்பிக்க வைத்து வாசகரைப் பழக்கிவிட்டு, கடைசியில் ஒரு குண்டுக்குக் கொடுத்தால், ஏமாற்றப்பட்டதாகத் தோன்றுவது இயல்பு. பெண்கள் இந்த நாவலில் நிழலாகத்தான் வந்து போகிறார்கள் என்பதும் உண்மை. போர் முடிந்த பிறகான பகுதியில் முன்பகுதியின் நிதானம் இல்லை என்று நானும் நினைக்கிறேன்.

ஆனால் 'அது புத்தகத்தில் இல்லை' என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள முடியவில்லை. திரும்பிப் போய்ப் படித்தால் தெரியும். மெடான் தெருவில், பினாங்கில், காட்டில், எங்கெல்லாம் பாண்டியன் கொஞ்சம் தனியாக இருக்கிறானோ அங்கெல்லாம் ஊர் வந்துவிடுகிறது. சந்தை வருகிறது, வண்டி மாடு வருகிறது, மதுரைத் தெருக்கள் வருகின்றன. படிக்கும்போது தடையாகத் தெரிந்த, 'கதை நகரவில்லையே' என்று தாண்டிப்போன பக்கங்கள் அவைதான். அவனிடம் ஊர் போய்க்கொண்டே இருக்கிறது, ஊருக்கு அவனிடமிருந்து ஒன்றும் வருவதில்லை. ஊர் திரும்பும் எண்ணம் வந்த பிறகுதான் அவன் சாகிறான். நாவல் அந்தச் சாவோடு நின்றுவிடுகிறது. கடிதம் இல்லை, திரும்பி வந்து சொல்லும் ஆள் இல்லை, கேட்டு அழும் வீடு இல்லை. வேறொரு ஆசிரியராக இருந்தால் கடைசியில் ஒரு அத்தியாயம் சின்னமங்கலத்தில் வைத்திருப்பார், நாம் அழுது முடித்திருப்போம். சிங்காரம் வைக்கவில்லை. அவன் எங்கே, எப்படிச் செத்தான் என்பது படித்த நமக்கு மட்டும்தான் தெரியும். சேதி வந்து சேர்ந்த இடம் நாம்தான். நாம் சொல்வதற்கு அங்கே வீடு இல்லை. முடிவு 'திடீரென்று' வருகிறது, அந்தரத்தில் நிற்கிறது என்று இரண்டு அணியும் சொல்லிக்கொண்டிருந்தார்களே, அந்த அந்தரம் இதுதான் என்று எனக்குப் படுகிறது.

இளைஞர் விட்டுக்கொடுக்கவில்லை. "இது நல்ல வாசிப்பு. ஆனா ஆசிரியர் இதை நினைச்சாரான்னு தெரியாது," என்றார். ஆச்சி அவரைப் பார்த்து, "அவர் நினைச்சாரோ இல்லையோ, போய்த் திரும்பி வந்தவர்தானே தம்பி. வராதவங்க வீட்டு வழியாத்தானே அவரும் நடந்து போயிருப்பாரு," என்றார். அதற்கு மேல் யாரும் எதுவும் பேசவில்லை. வழக்கமான காபி வந்தபோது ஆறிப்போயிருந்தது.

இதன்பிறகு அந்தக் கூட்டத்தில் ஒரு சின்ன மாற்றம். நாவலின் ஊர் நினைவுப் பகுதிகளையும் புயல் பகுதியைப் போலவே வாய்விட்டுப் படிக்கிறார்கள். அதற்கு வேகம் வேறு. புயலை ஆள் மாற்றி மாற்றிப் படிக்க வேண்டும், சந்தையை ஒரே ஆள், வயதானவராக இருந்தால் நல்லது, அவசரமில்லாமல் படிக்க வேண்டும். அரைத்தாளின் வரைபடத்தில் மேலே இடதுகோடியில் ஒரு புள்ளி கூடியிருக்கிறது, சிங்கம்புணரி. வங்காள விரிகுடாவைத் தாண்டி வர வேண்டியிருப்பதால் தாள் போதாமல் இன்னொரு துண்டு ஒட்டியிருக்கிறார்கள்.

அடுத்து சிங்காரத்தின் முதல் நாவல், 'கடலுக்கு அப்பால்'. அதே பினாங்கு, அதே கடைகள், அதே ராணுவம். ஆனால் அதில் செல்லையா உயிரோடு திரும்பி வருகிறான், மரகதமும் உயிரோடுதான் இருக்கிறாள், முதலாளி வயிரமுத்துப் பிள்ளை மகளை அவனுக்குக் கொடுக்க மறுத்துவிடுகிறார், அவ்வளவுதான். கடைசிப் பக்கத்தில் யாரும் சாவதில்லை. 'தோணி'யில் கண் கலங்காதவர்கள் இதில் கலங்குகிறார்கள் என்றும், 'தோணி'யைக் கொண்டாடியவர்கள் இதைச் சாதாரணக் காதல் கதை என்று ஒதுக்குகிறார்கள் என்றும் கேள்வி. முன்னதைவிடச் சிறிய புத்தகம், நான்கு வாரம் போதும். சீட்டுகளை இப்போதே வெட்டி வைத்தாயிற்று. யார் எழுதினார்கள் என்று கண்டுபிடிக்க முடியாதபடி எல்லாவற்றுக்கும் ஒரே பென்சில் என்று இந்த முறை ஏற்பாடு, ஏனென்றால் அந்தக் கோணல் எழுத்தை இனி எல்லாருக்கும் தெரியும்.